பிரிதலும் பிரித்தலும்

ஒரே வேலியின் இருபுறமும் நெடுநாள் வாழ்ந்த இரு குடும்பத்தார், ஒரு காலத்திற் கொண்டும் கொடுத்தும் வந்தவர்கள், இன்று முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். காரணம் யாதென வினவினால், "என்னவோ, காலப்போக்கில் விலகிவிட்டோம்" என்பதே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் மறுமொழி. பழி காலத்தின் தலையில் விழுகிறது. வேலியை ஓரடி தள்ளிப் போட்டவர் யார், எல்லைக் கல்லைப் பிடுங்கியவர் யார், வழக்காடத் தூண்டிவிட்டு அதிலே ஊதியம் கண்டவர் யார் என்ற கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை.

வீட்டில் நிகழும் இது நாட்டிலும் நிகழ்கிறது. இலங்கையின் இனங்களைப் பற்றி எழுதுவோர் பலர், 'சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் படிப்படியாக விலகிச் சென்றனர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். மரத்தின் கிளைகள் வளர வளர வெவ்வேறு திசையில் நீளுவதைப் போல, மக்கட் கூட்டங்களும் தாமாகவே விலகி வளர்ந்தன என்ற எண்ணம் படிப்பவர் உள்ளத்திற் படிந்துவிடுகிறது. இவ்வெண்ணம் உண்மைதானா என்று ஆராய்வதே நம் நோக்கம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்வன இரண்டு: ஓர் ஆங்கிலச் சொல், ஒரு துறைமுகம்.

சொல்லின் பிறப்பு

உறவு முறிந்து ஒருவர்க்கொருவர் வேற்றாராகிவிட்ட நிலையை ஆங்கிலத்தார் 'எஸ்ட்ரேஞ்ச்மெண்ட்' என்பர். இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் 'எக்ஸ்ட்ரா' என்றால் புறத்தே, வெளியே என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'எக்ஸ்ட்ரானேயுஸ்' என்னும் சொல், வீட்டையோ ஊரையோ சாராத வெளியாளைக் குறித்தது. ஒருவனை அத்தகைய வெளியாளாக நடத்துவதைக் குறிக்கும் வினையொன்றும் அதிலிருந்து தோன்றிற்று. பழைய பிரெஞ்சு மொழியில் உருமாறிய அவ்வினை, பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. அயலானைக் குறிக்கும் 'ஸ்ட்ரேஞ்சர்' என்ற சொல்லும், விந்தையானதைக் குறிக்கும் 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற சொல்லும் இவ்வேரிற் கிளைத்தவையே.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய இலக்கணம் ஒன்றுண்டு. இச்சொல்லின் வினைவடிவம் செயப்படுபொருள் குன்றாவினை. ஒருவன் தானே புறத்தானாக முடியாது. இன்னொருவன் அவனைப் புறத்தே நிறுத்தவேண்டும். ஆனால் வழக்கில் இச்சொல் பெரும்பாலும் செயப்பாட்டு வடிவிலேயே வருகிறது. 'அவர்கள் அயலாராக்கப்பட்டனர்' என்று கூறும்போது, ஆக்கியவன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எழுவாய் நழுவிப் போகிறது. நாளடைவிற் பொருளும் தேய்ந்து, 'விலகிப் போயினர்' என்ற அளவிற் சொல் நின்றுவிடுகிறது. செய்தவன் மறைந்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் வேறெது?

தமிழிலும் இதே நுட்பம் உண்டு. 'பிரிந்தனர்' என்பது தன்வினை. 'பிரித்தனர்' என்பது பிறவினை. இரண்டுக்குமிடையே ஒரு மெல்லெழுத்துக்கும் ஒரு வல்லெழுத்துக்குமான வேற்றுமைதான். ஆயின் அவ்வேற்றுமைக்குள்ளே ஒரு நாட்டின் வரலாறே அடங்கிக் கிடக்கலாம்.

இச்சொல்லுக்கு உடன்பிறப்பை ஒத்த சொல்லொன்று ஆங்கிலத்தில் உள்ளது: 'ஏலியனேஷன்'. இதன் வேரும் இலத்தீனே. 'அலியுஸ்' என்பது பிறன். 'அலியேனுஸ்' என்பது பிறனுக்குரியது. இச்சொல்லுக்கு மூன்று வழக்குகள் ஏற்பட்டன. சட்டத்தில், ஒருவருக்குரிய காணியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தலை அது குறித்தது. உறவில், மனம் வேறுபடுதலைக் குறித்தது. மருத்துவத்தில், அறிவு கலங்கித் தன் வசம் இழத்தலைக் குறித்தது; மனநோய் மருத்துவரை 'ஏலியனிஸ்ட்' என்று அழைத்த காலமும் இருந்தது. நம் சட்ட மொழியிலோ காணியை இவ்வாறு மாற்றுவதைப் 'பராதீனப்படுத்தல்' என்கின்றனர். பர என்பது பிறர். அதீனம் என்பது வசம். எதிர்ச்சொல் சுவாதீனம், புத்தி கலங்கியவனைச் 'சித்த சுவாதீனம் இழந்தவன்' என்று நாமும் கூறுகிறோமல்லவா? நிலம் கைமாறுதலும் மனம் தன் வசம் இழத்தலும் ஒரே சொல்லின் இரு முகங்களாயிருப்பதை எங்கோ இலத்தீன் பேசிய மக்களும் உணர்ந்திருந்தனர். வடமொழியிலிருந்து சொற்களை ஏற்ற நாமும் உணர்ந்திருக்கிறோம்.

இவ்விரு சொற்களையும் மெய்யியலின் உச்சிக்குக் கொண்டு சென்றவர் கார்ல் மார்க்ஸ். 1844இல் பாரிஸ் நகரில் அவர் எழுதிய கையெழுத்துப்படிகள் 1932இலேதான் முழுமையாக அச்சேறின. தொழிலாளி தான் படைத்த பொருளிலிருந்தும், தன் உழைப்பிலிருந்தும், தன் மனித இயல்பிலிருந்தும், இறுதியாகச் சக மனிதனிடமிருந்தும் அந்நியனாக்கப்படுகிறான் என்பது அவர் முடிபு. மொழிபெயர்ப்பாளர் இக்கருத்துக்கு மேற்சொன்ன இரு ஆங்கிலச் சொற்களையும் கையாண்டனர். மார்க்ஸிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வரிசைமுறை. மனிதன் மனிதனிடமிருந்து அந்நியமாவது கடைசிப் படி. அதற்கு முன்னரே, அவன் நிற்கும் நிலத்திலும் செய்யும் தொழிலிலும் ஏதோ நடந்துவிட்டிருக்கிறது. மனக்கசப்பிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்குவோர் கதையை முடிவிலிருந்து படிப்போராவர்.

இவ்வளவும் சொல்லாராய்ச்சி. இச்சொல் மண்ணில் எவ்வாறு நடந்தது என்பதைக் காணத் திருகோணமலைக்குச் செல்வோம்.

வந்தோர் அனைவரும் அயலாரல்லர்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரும் இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. குன்றுகள் சூழ, ஆழமும் அமைதியும் ஒருங்கே பெற்ற அந்நீர்ப்பரப்பை நாடிப் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், 1782இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர், 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் சுவாமிமலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினர். இன்றும் அக்கோட்டை வாயிலைக் கடந்தே அடியார் கோயிலுக்குச் செல்லவேண்டும். உள்ளேயிருந்தவனைப் புறத்தே நிறுத்துதல் என்பதற்கு இதனினும் பருப்பொருளான சான்று வேண்டுமோ?

ஆயினும் வெளியிலிருந்து வந்தவர் யாவரும் அயலாராக நின்றுவிட்டனர் என்று கருதலாகாது. கொட்டியாபுரக் குடாவில் 1660இல் கண்டியரசன் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞர். ஏறத்தாழ இருபதாண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார், மொழி கற்றார், தொப்பி பின்னியும் தானியம் கடன் கொடுத்தும் பிழைத்தார். 1679இல் தப்பிச் சென்று, ஈராண்டுகளின் பின் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் அக்கால இலங்கை வாழ்வுக்கு அரியதோர் ஆவணமாகும். கைதியாக வந்த அந்நியனுக்குங்கூட ஊரிலே ஓரிடம் கிடைத்தது.

கடலோரத்தில் இதைவிட எளிய சான்றுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களின் மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர். காற்றுத் திரும்பியதும் ஊர் மீள்வர். அவர்களிற் பலர் இருமொழி அறிந்தவர்கள். சில குடும்பங்களில் முந்திய தலைமுறையின் வீட்டுமொழியே தமிழ். 'வாடி' என்ற நம் சொல் சிங்களத்தில் 'வாடிய' என வழங்குகிறது. கடையைச் சிங்களர் 'கடே' என்கின்றனர். மூத்த சகோதரியை நம்மைப் போலவே 'அக்கா' என்கின்றனர். ஒருவரையொருவர் புறத்தார் என்று எண்ணிய மக்கள், தமக்கையை அழைக்கும் சொல்லை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றிருப்பரோ?

கந்தளாய்க் குளத்தைப் பற்றியும் இரு வரலாறுகள் உண்டு. அதைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதி என்று சிங்கள மரபு கூறும். கோணேசர் கோயிற் பணிகளுக்காகக் குளக்கோட்டன் அமைத்தான் என்று தமிழ் மரபு கூறும். நெடுங்காலம் இவ்விரு கதைகளும் ஒன்றையொன்று மோதாமல் வாழ்ந்தன. குளத்து நீர் எவன் வயலுக்குப் பாய்வது என்ற கேள்வி அரசியலான பின்னரே, குளத்தை வெட்டியவன் யார் என்ற கேள்வியும் கூர்மை பெற்றது. பழங்கதை பகையை உண்டாக்கவில்லை. பகைதான் பழங்கதையைப் படைக்கலமாக எடுத்துக்கொண்டது.

நிலம் கைமாறிய கதை

நிலத்தின் கதையை மலைநாட்டிலிருந்தே தொடங்கவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரியன எனக் கொள்ள ஆங்கில அரசு வழி செய்தது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாகவும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. கண்டிச் சிங்கள உழவன் தன் மேட்டுநிலத்திலிருந்து புறந்தள்ளப்பட்டான். தோட்டத்தில் உழைக்கத் தமிழகத்து வறிய மக்கள் கடல் கடந்து கொண்டுவரப்பட்டனர். இருவரையும் அவ்விடத்திற் கொண்டுவந்து நிறுத்திய கை ஒன்றே. ஆனால் உழவன் கண்ணுக்குத் தெரிந்தவன், தன் நிலத்தில் நிற்கும் தமிழ்க் கூலிதான்.

இந்நூற்றாண்டுக் கணக்கான அநீதிக்குப் பரிகாரம் தேடியபோது, சுதேச ஆட்சியாளர் தோட்டங்களைத் தொடத் துணியவில்லை. அவர்களிற் பலர் தாமே தோட்டச் சொந்தக்காரர். ஆதலின் நிலமற்ற உழவனுக்கு வறண்ட வலயத்திற் காணி கொடுப்பதென முடிவாயிற்று. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. இச்சட்டத்தின் வழி முடிக்குரிய காணியை உழவருக்கு வழங்குவதை ஆங்கிலத்திற் குறிக்கும் சொல் யாது? 'ஏலியனேஷன்' என்பதே. எழுதிய அதிகாரிக்கு அது வெறும் சட்டச் சொல். வரலாறு அதன் மற்றைய இரு பொருள்களையும் பின்னால் நிறைவேற்றிக் கொடுத்தது.

கந்தளாய், அல்லை, முதலிக்குளம் எனத் திருகோணமலை மாவட்டத்தின் உட்புறத்தில் அடுத்தடுத்துக் குடியேற்றங்கள் தோன்றின. முதலிக்குளம் 'மொறவெவ' ஆயிற்று. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் ஏறத்தாழ 22,000 மக்களுள் சிங்களர் ஆயிரத்துக்கும் குறைவு. 1981இல் மக்கள்தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழர் நூற்றுக்கு 36, சிங்களர் 33, முஸ்லிம்கள் 29 என மூவரும் ஏறத்தாழ மும்மூன்றில் ஒரு பங்கினராயினர். 2012இல் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40, தமிழர் 31, சிங்களர் 27.

இவ்வெண்களை வைத்துக்கொண்டு குடியேறிய உழவனை நாம் பகைவனாக்கிவிடலாகாது. அவன் பசியோடு வந்தவன், காடு வெட்டியவன், மலேரியாவுக்கு உடல் கொடுத்தவன். நாட்டில் நிலமற்றவனுக்கு நிலம் கொடுப்பதை எதிர்ப்பவர் முற்போக்காளராக இருக்கமுடியாது. கேள்வி வேறு. அதே குளத்தடியில், அதே வறுமையில் வாழ்ந்த தமிழ் உழவனும் முஸ்லிம் உழவனும் அக்காணிப் பங்கீட்டில் ஏன் பின்னுக்குத் தள்ளப்பட்டனர்? ஏழைக்கு நிலம் என்ற நீதி, தொகுதியில் வாக்கு என்ற கணக்காக எப்போது மாறிற்று? நிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஓர் உழவனைக் கொண்டு மற்றோர் உழவனைப் புறத்தானாக்கியதே இக்கதையின் கொடுமை. இரு உழவரும் மோதிக்கொண்டிருந்த காலமெல்லாம் தேயிலைத் தோட்டங்கள் கம்பெனிகளின் கையில் பத்திரமாக இருந்தன; நிலச் சீர்திருத்தம் அவற்றைத் தொட 1970கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கொடி இறங்கியது; கூலியும் நின்றது

இனித் தொழிலின் கதை. ஆங்கிலக் கடற்படைத் தளமாயிருந்த திருகோணமலையில் கப்பற் பட்டறையும் பண்டகசாலைகளும் எண்ணெய்த் தாங்கிகளும் ஆயிரக்கணக்கானோருக்குத் தொழில் கொடுத்தன. தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் அங்கு உழைத்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோது, குண்டுகள் எவர் தாய்மொழியையும் கேட்டு விழவில்லை.

1956இல் ஆட்சி மாறிற்று. அவ்வாண்டே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாகச் சட்டமாயிற்று. ஒரே ஆண்டில் தமிழ் எழுத்தன் தன் அலுவலகத்திலேயே அயலானானான். தந்திக்கும் வழக்குக்கும் தன் மொழியறியா மனிதனைத் தேடிச் செல்லவேண்டியவனானான் தமிழ்க் குடிமகன். இடதுசாரிக் கட்சிகள் இரண்டும் அன்று பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்து நின்றதும், ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என எச்சரித்ததும் நாம் பெருமைகொள்ளத்தக்க வரலாறு. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிற் கூட்டியது; 1957 ஜூலையிற் கைச்சாத்தான பண்டாரநாயக்க-செல்வநாயகம் உடன்படிக்கை அதன் விளைவு. குடியேற்றக் காணிகளைப் பங்கிடுவதில் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் என்பது அவ்வுடன்படிக்கையின் முக்கிய கூறுகளுள் ஒன்று.

அதே 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலையில் ஆங்கிலக் கடற்படைக் கொடி இறங்கிற்று. ஏகாதிபத்தியத் தளங்கள் அகற்றப்படவேண்டும் என்பது இந்நாட்டு முற்போக்காளரின் நெடுநாட் கோரிக்கை. அது நிறைவேறியதை நாம் கொண்டாடினோம், கொண்டாடியது சரியே. ஆனால் அக்கொடியின் கீழ் சம்மட்டி அடித்தவனும் சுமை தூக்கியவனும் மறுநாட் காலை எங்கே போவான் என்று கேட்டோமா?

தளம் மூடப்பட்டதால் தொழிலிழந்தோருள் ஏறத்தாழ 400 தமிழ்த் தொழிலாளரைப் பதவியாக் குடியேற்றத்திற் காணி கொடுத்து அமர்த்த அரசு எண்ணியது. எளிய ஏற்பாடு. வேலையிழந்த உழைப்பாளிக்கு ஒரு துண்டு நிலம். ஆனால் அந்நிலத்திற்குத் தமிழன் வருவதா என்ற கூக்குரல் எழுந்தது. சிங்களக் குடியேற்றவாசிகள் திரட்டப்பட்டனர். அத்தொழிலாளரை அங்கே கால்வைக்க விடுவதில்லை என்று கூட்டங்கள் சேர்ந்தன. அரசு பின்வாங்கியது. 1958 ஏப்ரலில் உடன்படிக்கையும் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் 22ஆம் நாள் பொலன்னறுவையிற் புகையிரதம் தாக்கப்பட்டதோடு தொடங்கிய வன்செயல் நாடெங்கும் பரவிற்று. கொழும்பிலிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். சொந்த நாட்டில், தலைநகரிலிருந்து, கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்! 'புறத்தே' என்ற அந்த இலத்தீன் வேர்ச்சொல் அன்று முழுப்பொருள் பெற்றது.

இந்த 400 தொழிலாளர் கதையை நாம் விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. வன்செயலின் காரணங்களை ஆராய்வோர் மொழியைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் மிகுதியாகப் பேசுகின்றனர். அவை பொய்யல்ல. ஆனால் இச்சங்கிலியில் ஒரு தளம் மூடப்பட்டதும், ஒரு கூலி நின்றதும், ஒரு துண்டுக் காணிக்கு இரு ஏழைகள் ஏங்கியதும் கண்ணிகளாக உள்ளன. பதவியாவில் திரண்ட சிங்கள ஏழையும், திருகோணமலையிற் கைவிடப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் முன்பின் கண்டவரல்லர். கண்டிராதவர்கள் 'விலகி வளர்வது' எங்ஙனம்? அவர்களுக்கிடையே பகையை வைத்தவர் உண்டு. அவ்விருவரையும் ஒரே சங்கத்தில், ஒரே கோரிக்கையின் கீழ் நிறுத்தியிருக்க வேண்டியவரும் உண்டு. முன்னவர் தம் கடமையைச் செய்தனர். பின்னவர் செய்யத் தவறினர்.

நம் பங்கு

பின்னவர் என்று நாம் கூறியது நம்மையே. பிறர் குற்றத்தைப் பட்டியலிட்டு நம் குற்றத்தைக் 'காலப்போக்கு' என்று எழுதிவிட்டால், இக்கட்டுரை தான் கண்டித்த பிழையையே தானும் செய்ததாகும்.

1956இல் மொழிச் சட்டத்தை எதிர்த்த அதே இடதுசாரிக் கட்சிகள், 1966 ஜனவரியில் தமிழுக்குச் சிறு இடந்தரும் ஒழுங்குவிதிகளை எதிர்த்து ஊர்வலம் சென்றன. 1972இல் சிங்களத்துக்கு அரசியலமைப்பின் அரணையும் பௌத்தத்துக்கு முதலிடத்தையும் அளித்த யாப்பை உருவாக்கும் பொறுப்பு, 1956இல் எச்சரித்தவர்களுள் முதல்வரான கொல்வின் ஆர். டி சில்வாவின் கையிலேயே இருந்தது. தமிழ் உழைப்பாளி அன்று தன் கட்சியிலேயே புறத்தானான். அவன் விலகிப் போனான் என்று சொல்வது எளிது. அவன் நின்ற இடம் அவன் காலடியிலிருந்து அகற்றப்பட்டது என்பதே உண்மை.

தமிழராகிய நாமும் இப்பிறவினைக்குத் தப்பியவரல்லேம். 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒருசில நாட்களில், சில இடங்களில் ஒருசில மணிநேரத்தில், வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அம்மக்கள் பேசிய மொழி தமிழே. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது வாடியவை சிங்களர் வயலும் முஸ்லிம்கள் வயலுமாகும். அடுத்த மாதம் மூதூரில் மூண்ட போரில் முஸ்லிம்கள் பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். அவர்களிற் பெருந்தொகையினருக்குத் தங்க இடங்கொடுத்தது கந்தளாய். அதே நாட்களில் மூதூரிலே, பட்டினிக்கெதிரான பிரெஞ்சு நிறுவனத்தின் பணியாளர் பதினெழுவர் தம் அலுவலக வளவிற் கொல்லப்பட்டனர். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். அவ்வாண்டின் தொடக்கத்தில், ஜனவரி 2ஆம் நாள், திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் நிறுத்தப்பட்ட அதிரடிப் படையினர் பதின்மூவரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். இங்கும் செயப்பாட்டுவினை: 'கொல்லப்பட்டனர்'. எழுவாய் இன்னும் நீதிமன்றத்தில் எழுதப்படவில்லை.

எழுவாயைத் தேடுவோம்

துறைமுகத்தை நோக்கிய குன்றுச் சரிவுகளில், ஆங்கிலேயர் விட்டுச் சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றை இந்திய நிறுவனத்துக்கும் இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கும் இருவரின் கூட்டுக் கம்பெனிக்குமாகப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினர்: 14, 24, 61. வல்லரசுகள் பங்கு கேட்கும் துறைமுகம் அது. அத்தாங்கிகளின் நிழலில் வாழும் மீனவனுக்கும் உழவனுக்கும், அவன் எந்த இனத்தவனாயினும், அக்கணக்கில் எண் ஒன்றும் இல்லை. தன் ஊரின் செல்வத்துக்குத் தானே அந்நியனாயிருப்பதில் மூவினத்து ஏழையும் இன்று ஒன்றுபட்டுத்தான் நிற்கின்றனர். அவர்கள் அதை அறியாதிருப்பதே குறை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வேட்டின் வாசகர்கள். அவர்கள் செய்யக்கூடியது ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. சுதந்திரத்துக்குப் பின் பிறந்த தலைமுறைகள் பெரும்பாலும் சிங்களப் பள்ளி, தமிழ்ப் பள்ளி, முஸ்லிம் பள்ளி எனத் தனித்தனிக் கூரைகளின் கீழ்ப் படித்தன. தாய்மொழிக் கல்வி நாம் போராடிப் பெற்ற உரிமை. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தாய்மொழியிற் கற்பதற்காக அண்டை வீட்டான் மொழியை அறியாதிருக்க வேண்டும் என்று எந்த நீதி சொல்கிறது? 1987இல் தமிழும் அரசகரும மொழியென யாப்பில் ஏறியது. காகிதத்தில் ஏறியதைப் பள்ளி முற்றத்தில் இறக்கும் பணி இன்னும் கிடக்கிறது. கந்தளாய்க் குளத்தின் இரு கதைகளையும் ஒரே வகுப்பில், இரு மொழியிலும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், ஒரு மகாநாட்டின் தீர்மானங்களைவிடப் பெரிய காரியத்தைச் செய்தவராவார்.

'எஸ்ட்ரேஞ்ச்மெண்ட்' என்ற சொல்லின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. புறத்தான் என்று பிறந்தவன் எவனுமில்லை. அவனைப் புறத்தே நிறுத்தும் செயல் ஒன்று உண்டு. அச்செயலைச் செய்தவரும், அதனாற் பயனடைந்தவரும், அதைக் கண்டும் வாளாவிருந்தவரும் உண்டு. தாமாகவே விலகி வளர்ந்தனவாயின் கிளைகளை ஒட்டவைக்க எவராலும் இயலாது. மனிதர் கையாற் பிரிக்கப்பட்டதை மனிதர் கையாற் சேர்க்க இயலும். ஆதலின், அடுத்த முறை ஒரு பாடநூலிலோ பத்திரிகையிலோ மேடையிலோ 'இவ்வினங்கள் பிரிந்தன' என்ற சொற்றொடரைக் காணும் மாணவன், தன் இலக்கண ஆசிரியரிடம் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஐயா, இது தன்வினையா, பிறவினையா? பிறவினையாயின், எழுவாய் எங்கே?"